பதினாலாம் நம்பர் கொக்கியில் தொங்கிய சிலிண்டர்

பச்சையில் நிற்கிற முள்ளை நான் நம்புவதில்லை.

தீயணைப்பு சிலிண்டரின் தலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கும், அதற்குள் ஒரு முள். முள் பச்சையில் நின்றால் உள்ளே அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். உள்ளே இருப்பது தண்ணீரா, நுரையா, பவுடரா, இல்லை வெறும் காற்றா என்றெல்லாம் அது சொல்லாது. போன மாதம் கீழ்க்கட்டளையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ஆறு புது சிலிண்டர் வாங்கி மாட்டிவிட்டு, ஒரு தாளோடு என் வீட்டுக் கதவைத் தட்டினார். "பாய், நீங்க இந்த லைன்லயே இருந்தவரு. எல்லாம் ஓகேன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க, போதும்."

ஆறும் பவுடர். எல்லா நெருப்புக்கும் ஆகும் என்று கடைக்காரர் சொன்னாராம். முக்கால்வாசிக்கு ஆகும்தான். ஆனால் கீழே ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுகிற இடத்தில் பேட்டரி பற்றிக்கொண்டால் பவுடர் அடித்தாலும் அணைந்த மாதிரி அணைந்து மறுபடி எரியும். அங்கிருந்து ஓடித் தள்ளி நிற்பதுதான் புத்தி. இதைச் சொல்லிவிட்டு, "கடைக்காரரை ஆறுல ஒண்ணத் தொறந்து காட்டச் சொல்லுங்க, உள்ள பவுடர் இருக்கறதைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றேன். செயலாளர் முகம் சுருங்கிவிட்டது. "உங்களுக்கு எதுலதான் பாய் சந்தேகம் இல்ல?" என்றபடி போய்விட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு எதில் சந்தேகம் இல்லாமல் போனது, அதனால் யார் கால் வெந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என் பெயர் காதர். தொழில் கற்றது தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ரீஃபில் கடையில். பெயர் வேண்டாம், கடையே இப்போது இல்லை. சிலிண்டர் வரும். கழுவுவோம், சிவப்புப் பெயின்ட் அடிப்போம், புது ஸ்டிக்கர் ஒட்டுவோம், அனுப்புவோம். நடுவில் 'நிரப்புவது' என்று ஒரு வேலை உண்டே, அது பாதி நாள் நடக்காது. ஒரு கல்யாண மண்டபத்து சிலிண்டரை நான் திறந்தபோது பவுடர் ஈர மாவு மாதிரி கெட்டியாகி அடியில் உட்கார்ந்திருந்தது. முதலாளி அதை மூடச் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது இந்த வியாதி. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு முள்ளே கிடையாது, தராசில் வைத்தால்தான் தெரியும் என்பதையும், பவுடர் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே பவுடர் சரிகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். யாரையும் நம்பக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான்.

அங்கிருந்து மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போய், தீப் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அதே இடம்தான். மொத்தம் அறுபது கொக்கி, அறுபது சிலிண்டர். ஒவ்வொரு கொக்கிக்கும் சுவரில் ஒரு நம்பர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் அட்டை, அதில் கொக்கி நம்பர், சிலிண்டரின் வகை, மாதா மாதம் என் கையெழுத்து.

திங்கட்கிழமை காலையில் புது ஆட்களுக்கு நான்தான் வகுப்பு எடுப்பேன். அட்டைப் பெட்டி, மரம், துணி எரிந்தால் தண்ணீர். கரண்ட் இருக்கிற இடத்தில் தண்ணீரை நினைக்கவே கூடாது, கார்பன் டை ஆக்சைடு. தின்னர், பெட்ரோல் மாதிரி எரிகிற திரவத்துக்கு நுரை. ஏன் நுரை என்றால், தின்னர் தண்ணீரைவிட லேசு. அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் தண்ணீர் அடியில் போய்விடும், தின்னர் எரிந்தபடியே மேலே மிதந்து உன் காலைத் தேடி வரும். நுரை அப்படி இல்லை. போர்வை மாதிரி மேலே படுத்து மூச்சை அடைத்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொல்வேன். "இவ்வளவும் நெருப்பு வந்தா உங்களுக்கு ஞாபகம் வராது. அப்ப நின்னு லேபிள் படிக்காதீங்க. பக்கத்துக் கொக்கில என்னா தொங்குதோ அத எடுங்க. சரியானதை அங்க தொங்க வைக்கிறது என் வேலை." வேறு தொழிற்சாலைக்காரர்கள் இதற்கு என்னைத் திட்டியிருக்கிறார்கள். படித்துவிட்டு எடு என்றுதான் சொல்ல வேண்டுமாம். லுங்கியில் தீப்பிடித்தவன் எழுத்துக் கூட்டிப் படிப்பானா என்று பதிலுக்குக் கேட்பேன்.

அப்படி வாக்குக் கொடுத்தவன் சும்மா இருக்க முடியுமா? அட்டையை எவனாவது மாற்றிக் கட்டிவிட்டால்? எனக்கு அது பெரிய கவலை. அதனால் அட்டையைச் சிலிண்டரோடு கட்ட, நம்பர் போட்ட 'டை' என்கிற பிளாஸ்டிக் பட்டை வாங்கினேன். ஒருமுறை இழுத்து மாட்டினால் கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். ஒரு நம்பர் மறுபடி வராது. டைக் கட்டு என் மேஜை டிராயரில், சாவி என் இடுப்பில். எந்த நம்பர் டை எந்த அட்டையில் என்று ஒரு நோட்டில் என் கையாலேயே எழுதுவேன். ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

எங்கள் பாதுகாப்பு மேனேஜர் தேவசகாயம் சார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் எந்த அறிக்கை கொடுத்தாலும் ஒரு ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். படிப்பார். "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்று கேட்பார். பார்த்தது என்றால் நீலப் பென்சிலில் கோடு, நினைத்தது என்றால் சிவப்பு. பிறகு ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். ஒரு பக்கம் முடிவதற்குள் வேர்த்துவிடும். இந்த மனுஷன் நம்மை நம்பவில்லை என்று எனக்குள் கோபம் வரும், அதே சமயம் சந்தேகப்படுவதில் நம்ம ஜாதி இவர் என்று ஒரு பிரியமும் உண்டு. என் அறிக்கைகளில் சிவப்புக் கோடு அதிகம் விழாது என்று எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அது பெரிய நாள். மிஷினுக்கெல்லாம் மாலை, வாசலில் வாழைக்கன்று, எல்லோருக்கும் பொரி கடலை. என் சிலிண்டர்களுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். உயிரைக் காப்பாற்றுகிற ஆயுதம் இல்லையா பாய் என்பார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும். அந்த வருஷம் மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு உற்சாகம் கொஞ்சம் கூடிவிட்டது. சிலிண்டரெல்லாம் அழுக்காக இருக்கிறது, பூஜையில் பளிச்சென்று இருக்கட்டும் என்று இறக்கி, டையை வெட்டி அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, புதுசாகச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். லேபிள் மேலேயும் சேர்த்து. பூஜை மேடை முன்னால் உயர வாரியாக வரிசை கட்டி வைத்தார்கள். தண்ணீர் சிலிண்டரும் நுரை சிலிண்டரும் ஒரே உயரம், ஒரே பருமன். பூஜை முடிந்ததும் கொக்கியில் மாட்டி, டை கிடைக்காததால் மாலையிலிருந்து வாழை நாரைக் கிழித்து அட்டைகளைக் கட்டிவிட்டார்கள்.

எனக்கு அப்போது லீவு. திரும்பி வந்து வாழை நாரைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. மெயின்டனன்ஸ் ஆட்களை நிற்க வைத்துக் கத்தினேன். புது லேபிளுக்கு எழுதிப் போட்டேன், அது வரும் வரும் என்று வராமலே இருந்தது. நாரை எல்லாம் வெட்டிவிட்டு அறுபது அட்டைக்கும் என் கையால் நம்பர் டை மாட்டி நோட்டில் எழுதினேன். பெயின்ட், பேக்கிங் பிரிவுகளில் தூசு அதிகம் என்பதால் சிலிண்டருக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டிருப்போம், முள் தெரிய ஓர் ஓட்டை மட்டும். உறையையும் பழையபடி மாட்டியிருந்தார்கள். முள்ளைப் பார்த்தேன், பச்சை. அட்டையைப் பார்த்தேன், என் எழுத்து. கையெழுத்துப் போட்டேன். அடுத்த இரண்டு மாதமும் அப்படியே போட்டேன்.

பொங்கல் கழிந்த வாரம், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பெயின்ட் பிரிவில் சேகர் என்கிற ஒப்பந்தத் தொழிலாளி ஒரு தட்டில் தின்னர் ஊற்றி ஸ்பிரே கன்னைக் கழுவிக்கொண்டிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ கிரைண்டிங் போட, பொறி பறந்து தட்டில் விழுந்தது. சேகர் ஓடவில்லை. பக்கத்தில் பதினாலாம் நம்பர் கொக்கியிலிருந்து சிலிண்டரை எடுத்து, உறையைக் கிழித்து, தலையில் இருக்கும் பின்னை இழுத்து, அடித்தார். வந்தது நுரை இல்லை, தண்ணீர். தட்டிலிருந்த தின்னர் எரிந்தபடியே தெறித்து அவருடைய இரண்டு காலிலும் விழுந்தது. மற்றவர்கள் பவுடரைக் கொண்டுவந்து அணைத்தார்கள்.

நான் போனபோது அவரைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. பக்கத்தில் உருண்டு கிடந்தது தண்ணீர் சிலிண்டர். நுரை சிலிண்டருக்குக் குழாய் முனையில் ஓட்டை போட்ட தடித்த பைப் இருக்கும், இதற்கு இல்லை. உறை கிழிந்து கிடந்ததால் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

"தின்னர்ல தண்ணி அடிச்சியா? எங்கேந்து எடுத்தே இத?" என்றேன்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நீங்க சொன்ன எடத்துலேந்துதான் எடுத்தேன், பாய்."

இந்த நிலைமையிலும் பொய் சொல்கிறானே என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். மறைத்து எழுதி என்ன ஆகப் போகிறது?

ஆம்புலன்ஸ் போனதும் துப்பறிய ஆரம்பித்தேன். கிடந்தது தண்ணீர் சிலிண்டர், ஆனால் அதில் கட்டியிருந்த அட்டை 'பதினாலு, நுரை'. பேக்கிங் பிரிவில் இருபத்தொன்றாம் கொக்கிக்குப் போனேன். அங்கே அட்டைப் பெட்டிகளுக்காகத் தண்ணீர் சிலிண்டர் தொங்க வேண்டும். உறையைக் கழற்றினால் நுரை சிலிண்டர், அட்டையில் 'இருபத்தொன்று, தண்ணீர்'. பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் ரவி, சேகருடைய மச்சான், அதாவது சேகர் மனைவி செல்வியின் அண்ணன். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. சேகர் அவசரத்தில் பேக்கிங்குக்கு ஓடித் தண்ணீர் சிலிண்டரைத் தூக்கி வந்திருக்கிறான். தங்கை புருஷன் வேலை போகுமே என்று ரவி, களேபரத்தில் பதினாலாம் கொக்கியின் நுரை சிலிண்டரைத் தன் பக்கம் மாட்டிவிட்டு அட்டைகளை மாற்றிவிட்டான். எவ்வளவு கச்சிதம். ரவியைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "பாய், நான் அவன தூக்கிகினு ஆம்புலன்ஸுக்கு ஓடினேன், அட்டை மாத்தவா டயம் கெடச்சுது?" என்றான். அதையும் நம்பவில்லை.

தேவசகாயம் சார் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். அதனால் என் அறிக்கை ஸ்கேலுக்குத் தப்பி நேராக, ஊழியர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் பிரிவுக்குப் போனது. சேகரின் கேட் பாஸ் ரத்து. பயிற்சியை மீறியதால் வந்த காயம் என்று ஃபைலில் எழுதினார்கள். இனி எந்தத் தொழிற்சாலை அவரை உள்ளே விடும்? ரவிக்கு மெமோ. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்கு இதைச் செய்துவிட்டு நான் இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

சார் வந்தார். அறிக்கையை எடுத்தார், ஸ்கேலை வைத்தார்.

"தொழிலாளி பேக்கிங் பிரிவுக்கு ஓடினார். பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"வேற எப்படி சார் அது வந்திருக்கும்?"

சிவப்புக் கோடு. ஸ்கேல் இறங்கியது.

"அட்டைகள் மாற்றப்பட்டன. பாத்தீங்களா?"

"மாறித்தான் சார் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"மாறி இருந்ததைப் பாத்தீங்க. மாத்தினதைப் பாத்தீங்களா?"

மறுபடி சிவப்பு. பிறகு, எடுத்து வைத்திருந்த இரண்டு சிலிண்டரையும் கொண்டுவரச் சொன்னார். அட்டைகள் அப்படியே தொங்கின. அவர் குனிந்து டையை விரலால் தொட்டார்.

"இதைக் கழட்ட முடியுமா, காதர் பாய்?"

"முடியாது சார். வெட்டணும்."

"வெட்டியிருக்கா?"

நான் பார்த்தேன். வெட்டவில்லை. இரண்டிலும் நம்பர் இருந்தது, என் டைக் கட்டிலிருந்து போன நம்பர்.

"வேற யார்கிட்டயாச்சும் இந்த டை உண்டா?"

"எங்கிட்ட மட்டுந்தான் சார்."

நான் போய் நோட்டை எடுத்து வந்தேன். ஆயுத பூஜை முடிந்து நான் மாட்டிய பக்கம். அதே இரண்டு நம்பர், அதே இரண்டு அட்டை, என் கையெழுத்து. மூன்று மாதமாகப் பதினாலாம் கொக்கியில் தண்ணீர்தான் தொங்கியிருக்கிறது. பூஜைக்குப் பெயின்ட் அடித்தவர்கள் தெரியாமல் மாற்றி மாட்டினார்கள். அதைத் தெரிந்துகொள்ளவென்றே சம்பளம் வாங்கிய நான், உறையைத் தூக்கிக் குழாய் முனையைப் பார்க்காமல், அட்டையில் இருந்தது என் எழுத்து என்பதால் நம்பி, அந்தத் தப்பை யாரும் கழற்ற முடியாதபடி இழுத்துப் பூட்டி வைத்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.

"போய்ச் சாப்டுட்டு வாங்க பாய். அப்புறம் பேசலாம்" என்றார் சார்.

நோட்டு என் கையில்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம். ஒரு பக்கத்தைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இதற்காகத்தான் நேரம் கொடுக்கிறாரா? இல்லை, கிழிக்கிறேனா என்று சோதிக்கிறாரா? வாசல்வரை போனவன் திரும்பி அவரிடமே கேட்டுவிட்டேன். "என்னை ஏன் சார் இப்ப அனுப்புறீங்க? என் மேல சந்தேகமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மணி ரெண்டாகுது பாய். நீங்க சுகர் பேஷன்ட்."

நான் சாப்பிடப் போகவில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்து இரண்டாவது அறிக்கை எழுதினேன். சேகர் பதினாலாம் கொக்கியிலிருந்துதான் எடுத்தார். பயிற்சியில் சொன்னபடியே செய்தார். அங்கே தவறான சிலிண்டர் தொங்கியது என் சோதனையின் குறை. ரவி எதையும் மாற்றவில்லை. முதல் அறிக்கையில் எழுதியது என் யூகம். சார் ஸ்கேலை வைத்தார், கேள்வியே கேட்காமல் கடைசி வரை நீலக் கோடு போட்டார்.

சேகருக்குக் கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது, ஃபைலில் எழுதியதை அடித்தார்கள், காயத்துக்கு உரிய நஷ்டஈடும் வரும் என்றார்கள், ரவியின் மெமோவும் ரத்தானது. எனக்கு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். ஆனால் இதையெல்லாம் தபாலில் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கத்தில் சேகர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் படுத்திருந்தார். செல்வி கிரில் கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றாள்.

"இப்ப இன்னா பேப்பர் கொணாந்துகீறீங்க? அவரு எதுலயும் கையெழுத்து போட மாட்டாரு."

"போட வேண்டாம்மா. நான் போட்டிருக்கேன். படிச்சுப் பாரு."

கம்பி வழியாக வாங்கினாள். சந்தேகத்தோடு பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று. பிறகு நின்றபடியே வரி வரியாகப் படித்தாள். நான் வெயிலில் நின்றேன்.

உள்ளேயிருந்து சேகர் குரல் கேட்டது. "இன்னாவாம்? இன்னா எழுதிகீறாரு?"

"நீ மொதல் நாளு சொன்னதத்தான் எழுதிகீறாரு" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அவரு அன்னிக்கும் இதத்தான் சொன்னாரு, இன்னிக்கும் இதத்தான் சொல்றாரு. நீங்கதான் ரெண்டு மாதிரி சொல்றீங்க" என்றாள். மன்னிச்சிரும்மா என்று மட்டும் சொன்னேன்.

சேகர் மறுபடி பேசினார், மெதுவாக. "செல்வி, பாய்கிட்ட சொல்லு. அங்க நூறு பேரு நான் பயந்து தப்பா எடுத்தேன்னு பேசிகினு கீறானுங்க. எனக்கு மட்டும் படிச்சுக் காட்டி இன்னா பிரயோஜனம்? அவரு கிளாஸ்ல படிக்கச் சொல்லு."

மறுநாள் திங்கட்கிழமை. புது ஆட்களோடு பெயின்ட், பேக்கிங், மெயின்டனன்ஸ் எல்லோரையும் வரச் சொன்னேன். தேவசகாயம் சார் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் வகுப்பு எடுத்த அதே இடத்தில் நின்று, என் தப்பை என் பெயரோடு, அறிக்கையில் இருந்தபடியே படித்தேன். முடித்துத் தாளை மடித்தபோது பின் வரிசையிலிருந்து ரவி எழுந்தான்.

"பின்னாடி செரியா கேக்கல பாய். இன்னொரு தபா படிங்க."

அந்த அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். அவனுக்குக் கேட்டிருக்கும், எனக்கும் தெரியும். தாளைப் பிரித்து, குரலை உயர்த்தி, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.